ஷஃபி பாயின் பத்து ஏழைகள்

வானூரில் மகள் வீட்டு வாசற்படியை ஷஃபி பாய் மிதித்துவிட்டார். பேத்தியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தாயிற்று என்று மகள் ஹசீனா போன் செய்ததும் ஓடினவர், தொட்டில் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் தன் சத்தியத்தை நினைத்தார்.

போன வருஷம் அதே வீட்டு விருந்தில் மருமகன் அவரை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்துவிட்டான். "அல்லாஹ் மேல ஆணையா, இந்த வாசப்படிய இனிமே மிதிக்கமாட்டேன்!" என்று ஊர் பார்க்க எழுந்து வந்தார். சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தார் என்பது மனைவி மைமூன் மட்டும் சொல்லும் தகவல்.

பள்ளிவாசலில் பாய் இதைச் சொன்னதும் இமாம் முனீர் ஹஜ்ரத் சிரித்தார். "பேத்திய பார்த்தது நல்ல காரியம்தான். சத்தியத்தவிட நல்லது எதிர்ல வந்தா நல்லதத்தான் செய்யணும். ஆனா பரிகாரம் உண்டு. பத்து ஏழைங்களுக்கு ரெண்டு வேளை வயிறாரச் சோறு போடுங்க. வசதி இல்லாதவங்க மூணு நாள் நோன்பு வெச்சாலும் போதும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது ஹஜ்ரத்தின் பார்வை பாயின் செருப்புக்குப் போனது. வார் அறுந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது.

"வசதிக்கு என்ன குறைச்சல் ஹஜ்ரத்? சோறே போடுறேன்!"

பாய்க்கு மரக்காணம் பஜாரில் குடையும் ரப்பர் பூட்ஸும் விற்கிற கடை. கடையில் பாதி நாள் அவரும் ஈயும்தான்.

"பேசாம நோன்பு வெச்சிடுங்களேன்" என்றாள் மைமூன். "அடுப்படிக்கு மேல பாத்தீங்களா? ஓடு போயி தார்ப்பாய் கட்டியிருக்குது."

"அது காத்துக்குக் கட்டினது."

"என்னமோ பண்ணுங்க. ஞாயித்துக்கெழம புள்ளைக்குப் பேர் வெக்கிற அகீகா. பரிகாரத்த முடிக்காம அந்தப் புள்ளய நீங்க தொடக்கூடாது. சொல்லிட்டேன்."

பேத்தியை மடியில் வைத்து, சபை நடுவில் பேர் சொல்லப்போவது பாய்தான். அதற்காக வெள்ளைச் சட்டைக்கு நீலம்கூடப் போட்டாகிவிட்டது.

வியாழக்கிழமை காலையில் உப்பளத்துக்கு நடந்தார். சகாதேவன் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தான்.

"ஏம்பா சகாதேவா, சனிக்கெழம நம்ம வீட்ல சாப்பாடு. உன்ன மாதிரி ஏழைங்க பத்து பேரு வேணும்."

சகாதேவன் நிமிர்ந்தான். "யாரு பாய் ஏழை? எம்பொண்ணு நர்சிங் படிக்குது. வூட்ல ரெண்டு எரும நிக்குது. எங்க அப்பன்கூட எவன்கிட்டயும் கையேந்தினதில்ல."

"ஐயோ, உன்ன இல்லப்பா. மத்தவங்கள சொன்னேன்."

"மத்தவங்கன்னா யாரு? நாங்களா?" என்றாள் பக்கத்துப் பாத்தியிலிருந்த அருக்காணி. அடுத்த நிமிஷம் அந்த உப்பளமே வேலையை நிறுத்திவிட்டு பாயைப் பார்த்தது. அவர் வரப்பில் வழுக்காமல் திரும்பி வந்ததே பெரிய காரியம்.

விஷயம் கேட்டு ஹஜ்ரத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏழைன்னு சொல்லித்தான் கூப்பிடணும்னு யாரு சொன்னா?"

நியாயம்தான் என்று பாய், 'சனிக்கிழமை ஷஃபி வீட்டில் விருந்து, அனைவரும் வருக' என்று அட்டையில் எழுதிக் கடை வாசலில் மாட்டினார். முதல் ஆளாக லாரி வைத்திருக்கிற மாயவன் காரை நிறுத்தி இறங்கினார்.

"மட்டனா சிக்கனா பாய்? நாங்க ஒம்பது பேரு வர்றோம்."

பாய் பதறிப்போய் அட்டையைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். மாயவன் முகம் சிவந்து காரில் ஏறினார். இப்படியாக ஒரே நாளில் ஊரிலுள்ள ஏழைகளையும் பணக்காரர்களையும் சேர்த்துப் பகைத்துக்கொண்டவர் என்ற பெருமை பாய்க்குக் கிடைத்தது.

சாயந்தரம் மைமூனையும் கூட்டிக்கொண்டு ஆரோக்கியசெல்வி வீட்டுக்குப் போனார். உப்புச் சுமக்கும் பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி. பாய் ஒன்றும் மறைக்காமல் சத்தியம், பேத்தி, பரிகாரம் எல்லாவற்றையும் சொன்னார்.

"இந்த ஊர்ல உப்பு வெளையும் பாய். ஏழை வெளையமாட்டான்" என்றாள் அவள். சொல்லிவிட்டு பாயை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ஊக்கு குத்திய செருப்பில் பார்வை கொஞ்ச நேரம் நின்றது.

"பத்து பேர நான் கூட்டியாறேன். பதிலுக்கு நான் ஒண்ணு கேப்பேன். மாட்டேன்னு சொல்லக்கூடாது."

"அல்லாஹ் மேல ஆணையா சொல்லமாட்டேன்!"

"மறுபடியுமா?" என்று மைமூன் முனகினாள்.

சனிக்கிழமை பத்துப் பேரும் வந்தார்கள். சகாதேவன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். அருக்காணி தலை நிறையப் பூ வைத்திருந்தாள். வெறுங்கையோடு வரமாட்டோம் என்று ஆளுக்கொரு வாழைப்பழச் சீப்பு வேறு. காலையில் இடியாப்பம், மதியம் மைமூன் வளர்த்த நாலு கோழியும் பிரியாணியாகிவிட்டன. "உப்பு ஒரு கல்லு கம்மி" என்று எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். அது அவர்கள் தொழில். ஆனால் ஒரு தட்டிலும் ஒரு பருக்கை மிச்சமில்லை.

பாயின் மார்பு சட்டைக்குள் அடங்கவில்லை. "பாத்தியா மைமூன்! பத்து பேருக்கு ரெண்டு வேளை! என்னைப் போயி நோன்பு வெக்கச் சொன்னியே!"

மைமூன் தார்ப்பாய்க்குக் கீழே நின்று சிரித்தாள். அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

ஆரோக்கியசெல்வி கை கழுவிவிட்டு முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். "பாய், ஒண்ணு கேப்பேன்னேனே."

"கேளும்மா! எதுவா இருந்தாலும் கேளு!"

"மாதாவுக்கு நானும் பத்து ஏழைங்களுக்குச் சோறு போடுறதா வேண்டிக்கினு ஆறு மாசமா ஆளு தேடுறேன் பாய். எட்டு பேரு தேறிட்டாங்க, வர்ற வியாழக்கெழம நீங்களும் அக்காவும் வந்துட்டீங்கன்னா பத்து ஆயிடும்."