மகளுக்காக அட்டை வாங்கும் அப்பா

பிள்ளைகளுக்கு ஒன்றுமே வாங்கித் தராத அப்பாக்கள் உண்டு. கேட்டதையெல்லாம் வாங்கித் தரும் அப்பாக்களும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்தாரின் மேலும் எனக்குப் புகார் இல்லை. நான் சொல்ல வந்தது வேறோர் இனம். பிள்ளைக்காக வாங்கி, பிள்ளைக்காகப் பிரித்து, பிள்ளைக்காகப் பார்த்துப் பூரித்து, பிள்ளையின் கை எட்டாத உயரத்தில் பிள்ளைக்காகப் பத்திரப்படுத்தி வைக்கும் அப்பா. ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் தெருவுக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள். சனிக்கிழமை காலை, விளையாட்டு வீரர் படம் போட்ட அட்டை விற்கும் கடை திறக்க முக்கால் மணி நேரம் இருக்கும்போதே மடக்கு நாற்காலியும் காப்பிக் குவளையுமாக வாசலில் வரிசை கட்டி உட்கார்ந்திருப்பவர்களில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "எனக்கா? சேச்சே, எல்லாம் குழந்தைக்குத்தான்" என்பார். அந்த வரிசையில் மருந்துக்குக்கூட ஒரு குழந்தை இருக்காது.

வெண்டல் க்ரூபர் அந்த வரிசையின் ஆயுள் உறுப்பினர். ஆலங்கட்டி மழையில் ஒடுக்கு விழுந்த கார்களைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடும் இன்ஷூரன்ஸ் உத்தியோகம். கார்க் கூரையில் கொசு கால் ஊன்றிய தடம் இருந்தாலும் கண்டுபிடித்து, 'இது மழைக்கு முன்பே இருந்தது' என்று எழுதிவிடக்கூடிய கண் அவருக்கு. மாலையில் வீடு திரும்பியதும் அதே கண் மகள் மார்னியின் பேஸ்பால் அட்டைகள் மேல் பாயும். மார்னியின் அட்டைகள் என்பது வெறும் பேச்சு வழக்குத்தான். சாமிக்குப் படைக்கிற பொங்கலை சாமியா சாப்பிடுகிறது?

வெண்டலுக்கும் ஒரு காலத்தில் ஒன்பது வயது இருந்தது. அப்போது அட்டைகள் மளிகைக் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் சில்லறைக் காசுக்குக் கிடைத்தன. பாக்கெட்டுக்குள் எந்த வீரர் இருப்பார் என்று பிரித்தால்தான் தெரியும், கூடவே ஒரு சூயிங்கம் தகடும் இருக்கும். கடித்தால் கம் அட்டை மாதிரி இருக்கும். முகர்ந்தால் அட்டை கம் மாதிரி மணக்கும். பிடித்த வீரர் கால்சட்டைப் பையில் தூங்குவார். பிடிக்காதவரைச் சைக்கிள் சக்கரக் கம்பியில் துணிக் கிளிப்பால் மாட்டிவிட்டால் தெரு முழுக்கப் படபடவென்று அடி வாங்குவார். இரண்டாக வந்ததைப் பள்ளிக்கூட வேலியோரம் மாற்றிக்கொள்வார்கள். மாற்றினால் கை குலுக்க வேண்டும். குலுக்கிய பிறகு திரும்பக் கேட்கிறவன் மனிதனே இல்லை. நாலாம் வகுப்பில் ஒரு பெரிய ஆட்டக்காரரின் அட்டையை ஏமாந்து கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் விஷயம் தெரிந்து வயிறெரிந்தும் வாக்கு மாறாத தன் வீரக் கதையை வெண்டல் சாப்பாட்டு மேசையில் நூறு தடவை சொல்லியிருப்பார். மார்னிக்கு அது மனப்பாடம்.

இன்றைக்கு என்ன நிலவரம்? கம் போய்விட்டது. அட்டையில் கறை படிகிறதாம். சில்லறையும் போய்விட்டது, பாக்கெட்டாக வாங்குகிறவனைக் கடைக்காரர் பரிதாபமாகப் பார்க்கிறார், முழுப் பெட்டியாக வாங்க வேண்டும். வாங்கிய பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருப்பது உயர்ந்த பக்தி. முகம் தெரியாத ஒருவன் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து உங்கள் பெட்டியைப் பிரிப்பதை ஃபோனில் பார்த்து நீங்கள் கை தட்டுவது அதற்கு அடுத்த படி. உங்கள் பலகாரத்தை அடுத்தவன் கடிக்க, நீங்கள் 'ஆஹா, என்ன ருசி' என்று சொல்வது போலத்தான். சில அட்டைகளில் சட்டைத் துணி ஒரு துண்டு பதித்திருக்கும். வீரர் உடுத்தியது என்று கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். எந்த ஆட்டத்தில் என்று மட்டும் கேட்கக் கூடாது, எந்த ஆட்டத்தையும் சேர்ந்ததல்ல என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஜாக்கிரதையாகச் சொல்லியிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் சிகரம் மார்க் போடுவது. அட்டையை அதற்கென்றே இருக்கும் கம்பெனிக்கு அனுப்பினால், மூலை, ஓரம், மேற்பரப்பு என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று சீட்டு எழுதி, கெட்டிப் பிளாஸ்டிக்கில் உயிரோடு அடக்கம் செய்து திருப்பி அனுப்புவார்கள். அதன் பிறகு அட்டையின் பின்னால் உள்ளதைப் படிக்கலாம், முகர முடியாது, வளைக்க முடியாது, பையில் போட முடியாது. விளையாட்டு வீரருக்கு இப்படியொரு சமாதி கட்டித்தான் குழந்தைக்கு விளையாடக் கொடுக்கிறார்கள். கொடுக்கிறார்களா? அதுவும் இல்லை.

மார்னிக்கு இதெதுவும் வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஓட்டிஸ் ப்ரீன் ஒருவர்தான். உங்களுக்கு ஓட்டிஸ் ப்ரீனைத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவருடைய அணிக்கே அவரை அவ்வளவாகத் தெரியாது. மாற்று ஆட்டக்காரர். மட்டைக்காரருக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கும் முக்கிய ஆட்டக்காரருக்கு முட்டி வலித்தால் இவரைக் கூப்பிடுவார்கள். முட்டி வலிக்காத மனிதர் அவர். ஆகவே ப்ரீன் வேலியோர பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருப்பார். மார்னிக்கு எட்டு வயதாக இருந்த கோடையில் மழைக்காக ஆட்டம் நின்ற ஒரு மணி நேரம், வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற அவளுக்கு ஒரு கை விதை கொடுத்து, தொலியை எவ்வளவு தூரம் துப்பலாம் என்று அவளோடு போட்டி போட்டார். மார்னி ஜெயித்தாள். அன்றிலிருந்து அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு பேஸ்பால் வீரர்தான். ப்ரீன் அட்டை ஒன்று வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னாள். அதெல்லாம் காலணா பெறாத அட்டை, அப்பா உனக்குத் தங்க ஓரம் போட்டது வாங்கித் தருகிறேன் பார் என்றார் வெண்டல்.

சொன்னபடி ஒன்பதாவது பிறந்த நாளுக்குப் பெட்டி வந்தது. மார்னி கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, காயவிட்டு வந்தாள். வெண்டல் கத்தரிக்கோலை எடுத்தார். வெளித்தாளின் ஒரு நுனியைப் பிடித்து இழுக்கும் உரிமை பிறந்த நாள் குழந்தைக்கு வழங்கப்பட்டது. மீதி எல்லாம் அப்பாவின் கைங்கரியம். பத்தாவது பாக்கெட்டில் அது வந்தது: புதிதாகக் கிளம்பியிருக்கும் நட்சத்திரம் காஸ்பர் லெய்ன், தங்க ஓரம், உலகத்திலேயே இருபத்தைந்துதான் அச்சடித்தது. வெண்டலின் கண்ணில் தண்ணீர் முட்டியது. மார்னி பிறந்தபோது அவர் அழுததாக வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. இரண்டு கையாலும் அட்டையை ஏந்திக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். கேக் ஆறிப்போகிற பண்டம் இல்லை என்பதால் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, மெழுகுவத்திகள்தான் உருகிக்கொண்டிருந்தன. அவர் மனைவி லொரெய்ன் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பொறந்த நாள் யாருக்குன்னு சந்தேகமா இருந்தா மெழுகுவத்திய எண்ணிப் பாரு, வெண்டல். ஒன்பதுதான் இருக்கு" என்றாள்.

"இது மார்னியோடது" என்றார் வெண்டல் அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். "முழுக்க முழுக்க அவளோடது. நான் வெறும் காவல்காரன்."

அடுத்த வாரம் முழுக்க இதையே சொன்னார். தபால்காரரிடம் சொன்னார், பல் வைத்தியரிடம் வாயைத் திறந்துகொண்டே சொன்னார், கடை வாசல் வரிசையில் எல்லாரிடமும் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். நம்பியது ஒரே ஓர் ஆள். மார்னி.

அவளோடு பள்ளிக்கூடப் பஸ்ஸில் வரும் ஹேட்டி பட்லரிடம் ஓட்டிஸ் ப்ரீன் அட்டை இருந்தது. ஒரு மூலை மடங்கி, சைக்கிள் சக்கரத்தில் கொஞ்ச நாள் அடி வாங்கிய அட்டை. ஒரு திங்கட்கிழமை காலை மார்னி நாற்காலி போட்டு ஏறி, அப்பாவின் அலமாரியிலிருந்து தன்னுடைய காஸ்பர் லெய்னை எடுத்துப் போய், ஹேட்டியிடம் கொடுத்து ப்ரீனை வாங்கிக்கொண்டாள். இருவரும் கை குலுக்கினார்கள். அன்று சாயந்திரம் சாப்பாட்டு மேசையில் தானே சந்தோஷமாகச் சொன்னாள். ப்ரீனை எடுத்து அப்பாவிடம் நீட்டி, கையைக் கழுவ வேண்டாம், சும்மாவே தொடலாம் என்றும் சொன்னாள்.

வெண்டல் அதைத் தொடவில்லை. அவர் முகத்தை அப்போது பார்த்திருந்தால், நகரத்தின் மொத்த ஆலங்கட்டியும் அவர் தலையில் விழுந்துவிட்டதென்றுதான் நினைத்திருப்பீர்கள். சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு, மகளையும் காரில் ஏற்றிக்கொண்டு பட்லர் வீட்டுக்கு விட்டார் வண்டியை.

கதவைத் திறந்தது ஹேட்டியின் அம்மா ஜோலீன். அவளும் சனிக்கிழமை வரிசைதான். பாம்பின் கால் பாம்பறியும். வந்த விஷயத்தை வெண்டல் சுற்றி வளைத்துச் சொன்னார்: குழந்தைகள், விவரம் தெரியாத வயது, பெரியவர்கள் பார்த்துச் சரி செய்துவிடலாமே என்று. ஜோலீன் மிகவும் வருத்தப்பட்டாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் வருத்தப்படுமே, அந்த அளவுக்கு.

"என்ன பண்றது, வெண்டல்? ஹேட்டி அந்த அட்டைய உசுரா நெனைக்கிறா. அதப் புடுங்கினா புள்ள மனசு ஒடஞ்சுடும்" என்றாள்.

உள்ளேயிருந்து ஹேட்டி, "எந்த அட்டைம்மா?" என்றாள்.

பாவம், பஸ்ஸிலிருந்து இறங்கிய ஐந்தாவது நிமிடமே அது தீப்பிடிக்காத இரும்புப் பெட்டிக்குள் போய்விட்டது. அதன் பிறகு அவள் அதைப் பார்க்கவில்லை.

அரை மணி நேரம் பேச்சுவார்த்தை நடந்தது. வெண்டல் தன் அலமாரியிலிருந்து, அதாவது மார்னியின் அலமாரியிலிருந்து, துணி பதித்த அட்டைகள் மூன்று தருவது. ஜோலீன் லெய்னைத் திருப்பித் தருவது. முடிந்தது என்று எழுந்தபோது ஜோலீனுக்கு நியாய உணர்ச்சி பொங்கிவிட்டது. ஒரு மாற்றத்தை ரத்து செய்வதென்றால் முழுசாக ரத்து செய்ய வேண்டாமா, அப்புறம் ஹேட்டிக்கு அநியாயம் ஆகிவிடாதா என்றாள். ப்ரீனும் திரும்பி வர வேண்டும்.

மார்னி வாசலில் கார்ப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வெண்டல் அவளிடம் போய்க் கையை நீட்டினார்.

"கை குலுக்கியாச்சுப்பா" என்றாள் அவள். "குலுக்கினா திரும்பக் கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது சின்னப் பசங்க விஷயம், கண்ணு. இது வேற."

"நான் சின்னப் பொண்ணுதானேப்பா."

வெண்டலின் நீட்டிய கை மடங்கவில்லை. ஊருக்கு உபதேசம் செய்தவர்களின் கை அப்படித்தான், வாய் அடைத்துப்போனாலும் அது தன் வேலையைப் பார்க்கும். மார்னி சட்டைப் பையிலிருந்து ப்ரீனை எடுத்து, மடங்கிய மூலையை விரலால் ஒரு தரம் நீவிவிட்டுக் கொடுத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் வெண்டலுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். வீடு வரும் வழியெல்லாம் அவர்தான் பேசிக்கொண்டு வந்தார், எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்று.

காஸ்பர் லெய்ன் மார்க் வாங்கக் கிளம்பிப் போனார். வெண்டல் பத்தை எதிர்பார்த்தார், ஒன்பதரை வந்தாலும் மன்னிப்பதாக இருந்தார். எட்டு வந்தது. மேற்பரப்பில் கறை என்று காரணம் போட்டிருந்தது. நாற்காலி போட்டு ஏறியவளின் பிசுபிசுத்த விரலாகத்தான் இருக்கும் என்று பூதக்கண்ணாடியை எடுத்து, சேதம் மதிப்பிடும் கண்ணை வைத்துப் பார்த்தார். கட்டைவிரல் ரேகை. நல்ல அகலமான, வளர்ந்த ஆம்பிளைக் கட்டைவிரல். பிறந்த நாளன்று ஆனந்தக் கண்ணீரைத் துடைத்த கையோடு ஏந்திக்கொண்டு வீட்டைச் சுற்றியது யார் என்று அவரே யோசித்துக்கொண்டார். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இங்கே கைநாட்டே வைத்துவிட்டது.

மனிதருக்கு மனசாட்சி இல்லாமல் இல்லை, இருந்தது, நன்றாகவே உறுத்தியது. ஆனால் அந்த மனசாட்சியும் சனிக்கிழமை வரிசையில்தான் போய் நின்றது. எங்கெங்கோ தேடி, மூலை மடங்காத, தூசி படியாத ஓட்டிஸ் ப்ரீன் ஒன்றை வாங்கினார். பத்துக்குப் பத்து மார்க், கெட்டிப் பிளாஸ்டிக்குக்குள். அந்த மாற்று ஆட்டக்காரர் வாழ்க்கையில் எதிலுமே பத்துக்குப் பத்து வாங்கியதில்லை. மார்னி அதை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, நகத்தால் ஓரத்தை ஒரு தரம் நெம்பிப் பார்த்தாள். திறக்கவில்லை. நல்லா இருக்குப்பா, தேங்க்ஸ் என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அதை அப்பாவின் அலமாரியில் வைத்துவிட்டு இறங்கினாள்.

இந்த மே மாதம் அவளுக்குப் பத்து வயது. இந்த முறை தப்பு செய்யக் கூடாது என்று வெண்டல் உறுதியாக இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போட்டு, அவளையே கேட்டார். என்ன வேண்டுமானாலும் சொல், அதையே வாங்கித் தருகிறேன் என்றார். மார்னி நிஜமாகவே யோசித்தாள். அவளிடம் கோபம் இல்லை. அப்பா மனம் நோகக் கூடாதே என்கிற அக்கறைதான் முகத்தில் இருந்தது.

"உங்களுக்குப் பிடிக்காததா ஏதாவது வாங்கிக் குடுங்கப்பா" என்றாள்.

தோளில் போட்ட வெண்டலின் கை அங்கேயே இருந்தது. லொரெய்ன் தட்டைக் கழுவுவதை நிறுத்தியிருந்தாள்.

நீங்கள் இப்போது அந்த மனிதரை நினைத்துச் சிரிக்கிறீர்கள், அல்லது 'சே, என்ன அப்பா' என்கிறீர்கள். செய்யுங்கள், அதற்குத்தானே எழுதியது. கடைசியாக உங்கள் பிள்ளைக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்தீர்களே, அந்தக் கீபோர்டு, அந்தத் தொலைநோக்கி, ரிமோட்டில் பறக்கும் அந்த விமானம், அந்தப் பெட்டியை யார் பிரித்தது? முதலில் யார் தொட்டது? இப்போது அது எந்த உயரத்தில் இருக்கிறது?

நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். நான் குழந்தையைக் கேட்டுக்கொள்கிறேன்.