என் தொடைக்கு நடிக்கத் தெரியவில்லை

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நிற்கும் அளவுக்கு நான் இங்கே சௌக்கியம். அங்கே நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் அதைவிடச் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ போன் செய்த அன்று நான் ஏன் எடுக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். “அத்தானுக்கு நம்ம மேல ஏதோ கோபம்” என்று தங்கச்சியிடம் சொல்லியிருப்பாய். கோபமெல்லாம் இல்லை. போன் மேஜைமேல் இருந்தது, நான் சோபாவில் இருந்தேன், அவ்வளவுதான் விஷயம். ஆனால் தனியாள் வீட்டுக்கு அவ்வளவு பெரிய சோபா எப்படி வந்தது என்று நீ கேட்பாய். மழைக்கு ஒதுங்க ஒரு கடைக்குள் நுழைந்தேன், விற்பனையாள் விடவில்லை, “உக்காந்து பாருங்க சார், உக்காரக் காசா கேக்கறோம்?” என்றான், உட்கார்ந்தேன். அது சோபா இல்லையப்பா, கிணறு. மழை விட்டதும் எழுந்திருக்கப் பார்த்தேன். கையை ஊன்றினால் கை உள்ளே போகிறது, காலை உதைத்தால் செருப்புதான் கழன்று ஓடுகிறது. வேலை பார்த்த காலமெல்லாம் லிப்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஆபீஸ் முழுவதையும் மேலே ஏற்றி இறக்கியவன் நான், என்னை ஒரு முழம் தூக்க என்னால் முடியவில்லை. நான் சொக்கிப்போய்விட்டேன் என்று நினைத்து அவன், “புடிச்சிருச்சுல்ல சார்?” என்றான். கை கொடு என்று கேட்க வெட்கமாக இருந்தது. “பில் போடுப்பா” என்று சொல்லிவிட்டேன். அப்புறம் என்ன மரியாதை! இரண்டு பேர் வந்து தாங்கி எழுப்பிக் கூட்டிப்போனார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அதன் பக்கமே நான் போகவில்லை. நீ போன் செய்த அன்று காலையில் போர்வையை உதறும்போது தடுமாறி அதற்குள்ளேயே விழுந்தேன். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. நீதான் என்று தெரியும், என்னைக் கூப்பிட வேறு ஆள் ஏது? அடித்துக்கொண்டே இருந்தது. சிரிக்காதே, எடுக்க முடியாவிட்டாலும் அது நிற்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன், அவர் பேர் என்னவென்றே எனக்குத் தெரியாது. கடைசியில் தரையில் சறுக்கி, தவழ்ந்து போய், ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா, “காலையில என்ன சாப்பிடறீங்க?” என்றார். டீயும் பன்னும் என்றேன். “மத்தியானம்?” பன்னும் டீயும் என்றேன். தொடையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இங்க இருந்த சதையெல்லாம் எங்க?” என்று கேட்டார், நான் ஏதோ பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டு வந்தவன் மாதிரி. “வயசானா தசை தானாவே குறையும். சும்மா உக்காந்தே இருந்தா இன்னும் சீக்கிரம் குறையும். அதுக்கு வேலையும் குடுக்கணும், ஒவ்வொரு வேளையும் முட்டை, பருப்பு, பால்னு புரதமும் குடுக்கணும். ஒண்ணைக் குடுத்து ஒண்ணை விட்டா பத்தாது. எழுந்து நடக்க மட்டும்தான் தசைன்னு நெனைக்காதீங்க, நீங்க சாப்பிடற சர்க்கரையை வாங்கிச் செலவழிக்கிறதும் அதுதான்” என்றார். “ஒருத்தனுக்காக யாரும்மா அடுப்பு பத்த வைப்பாங்க?” என்றேன். அதற்கு அவர் மருந்து எதுவும் எழுதவில்லை. கீழ்த்தளத்தில் பிசியோதெரபிக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அங்கே வட்டமாக நாற்காலி போட்டு என்னைப் போன்ற ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சி என்ன தெரியுமா? எழுவது. எழுந்த பிறகு உட்கார்வது. இதற்குப் போய் ஒரு படிப்பா என்று நினைத்தேன். மறுநாள் காலையில் கழிவறையில் உட்கார்ந்தவன் தொடைவலி தாங்காமல் உன் அக்காவைக் கூப்பிட்டேன், பழக்கதோஷம். எனக்கு இந்தப் பக்கம் காது கேட்காத தையல்காரர், எழச் சொன்னால் உட்காருவார், உட்காரச் சொன்னால் எழுவார். அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற நர்ஸம்மா. பயிற்சி முடிந்ததும் எல்லோரும் டப்பாவைத் திறந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். நானும் முட்டை வேகவைத்தேன். முதல் தடவை தண்ணீர் வற்றி முட்டை வெடித்துக் கூரையில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது தடவை உருப்படியாக வந்ததைக் கொண்டுபோனேன். நர்ஸம்மா ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, “பதமா வெந்திருக்கே!” என்றார். உன் அக்கா போன பிறகு நான் சமைத்ததை இன்னொருவர் வாயில் வைத்தது அன்றைக்குத்தான்.

வினை அங்கேதான். கால் தேறிக்கொண்டே வந்தது. ஒருநாள் அந்த பிசியோதெரபிப் பெண், “அடுத்த வாரம் உங்களுக்குச் சோதனை ஐயா. கையைக் கட்டிக்கிட்டு எழுந்துட்டீங்கன்னா அனுப்பிடுவோம், காத்திருக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க” என்றாள். அனுப்பிவிட்டால் அப்புறம் யாரோடு உட்கார்ந்து டப்பாவைத் திறப்பது? நான் என்ன செய்தேன் தெரியுமா? சோதனையன்று கையைக் கட்டிக்கொண்டு, முகத்தைச் சுளித்து, “ஐயோ, முடியலையேம்மா!” என்று முனகினேன். அவள் என் தொடைமேல் கையை வைத்தாள். “தொடை கல்லு மாதிரி இறுகுது ஐயா. அது எழுந்திருக்கத் தயாரா இருக்கு. நீங்கதான் புடிச்சு வெச்சிருக்கீங்க” என்றாள். தையல்காரர் என்ன புரிந்துகொண்டாரோ, “தேறிட்டாரா?” என்று கத்திக் கைதட்ட ஆரம்பித்தார். எல்லோரும் தட்டினார்கள். வேறு வழியில்லாமல் எழுந்தேன். வாசல்வரை வந்து அந்தப் பெண் மெதுவாக, “இப்படி நடிக்கிறவங்க நீங்க மட்டும் இல்லீங்க ஐயா. என்கிட்ட இருக்கிறது அவ்வளவு நாற்காலிதான்” என்றாள். அவள் கண்ணைப் பார்த்தால் கோபப்படவும் முடியவில்லை.

இப்போது வீட்டிலேயே செய்கிறேன். எழு என்று நானே சொல்கிறேன், நானே எழுகிறேன். முட்டை, பருப்பு எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. சோபாமேல் துணி காயப்போடுகிறேன். நீ உன் வீட்டோடு வந்து இருக்கச் சொல்லி எழுதியிருந்தாய். அது சரிப்படாது. உன் அக்கா இருந்தவரை நான் அந்த வீட்டு மாப்பிள்ளை, இப்போது யாரென்று வந்து உட்காருவேன்? தவிர எனக்கு இப்போது ஒருத்தர் உதவியும் தேவையில்லை. பொழுதும் நன்றாகவே போகிறது. ஆகவே அந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடு.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டு, ஓடியாடி, எழுந்து நிற்கக் கை தேடாமல் நெடுங்காலம் வாழட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்கத்தான் கிளம்பினேன். கால் தேறிய பிறகு சொன்ன இடத்தில் நிற்பதில்லை, தபால் நிலையத்தைத் தாண்டி ரயில் நிலையம்வரை போய்விட்டது. டிக்கெட் எடுத்தாயிற்று, வியாழக்கிழமை காலை வருகிறேன். கடிதத்தை நானே கையில் தருகிறேன், நான் குளிக்கப் போகும்போது படித்துக்கொள். இன்று போனில் வண்டி நேரத்தைச் சொல்லிவிட்டு இதை மட்டும்தான் சொல்வேன்: வேறெதுவும் கேட்காதே. பெட்டி ஒன்றுதான், கனமும் இல்லை, நானே தூக்கிக்கொள்வேன். இருந்தாலும் நீ ஸ்டேஷனுக்கு வா.