நீ செய்த அலமாரியும் பேத்தி தூக்கிய பாரமும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் மூத்த அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான், மகன், மருமகள் மூவரும் நலம். நீ செய்து கொடுத்த டிவி அலமாரி மட்டும் நலமில்லை. அங்கே உன் வீட்டுக்காரியும் அவள் முழங்காலும் சுகந்தானே? சுகமில்லை என்றாலும் முதலில் இதைப் படித்து முடி.

போன வாரம் நம் பேத்தி பாரம் தூக்கும் தகுதிப் போட்டியை டிவியில் நேரடியாகக் காட்டினார்கள். பிள்ளை மேடைக்கு வந்தாள், கையில் வெள்ளை மாவைத் தேய்த்துக்கொண்டாள், குனிந்தாள், இரண்டு பக்கமும் வண்டிச் சக்கரம்போல இருந்த அந்தக் கம்பியை ஒரே மூச்சில் தோள்வரை தூக்கிவிட்டாள். இனி தலைக்குமேல் தூக்க வேண்டியதுதான் பாக்கி, நானும் இங்கே நாற்காலியைவிட்டு எழுந்து இரண்டு கையையும் தூக்கினேன், அந்த நிமிஷம் பார்த்து டிவி அணைந்துவிட்டது. படமும் இல்லை, சத்தமும் இல்லை, கறுப்புக் கண்ணாடியில் நான்தான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். எதிர்வீட்டுக்காரி வந்து சொல்லும்வரை அந்தக் குழந்தை பாரத்தைத் தோளில் வைத்தபடியே நிற்கிறாள் என்றுதான் என் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வந்தவளும் ஜெயித்துவிட்டாள் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு உறைமோர் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அது பார்த்ததில் சேர்த்தியா?

இது முதல் தடவை இல்லை. நீ அலமாரியைக் கொண்டுவந்து வைத்த நாள்முதல் இதே கூத்துதான். உன் மருமகன், அதாவது என் மகன், கேபிள் பெட்டியை மாற்றினான், ஒயரை மாற்றினான், அப்புறம் அதே அலமாரியில் இருக்கிற, பாட்டுக் கேட்கிற ஆம்ப்ளிஃபயரும் நடுநடுவே ஊமையாகிவிட, அந்தக் கம்பெனிக்காரனோடு போனில் சண்டை போட்டான். கடைசியில் மேஜை மின்விசிறியைக் கொண்டுவந்து அலமாரிக்கு நேராக வைத்தான். கண்ணாடிக் கதவு மூடியே இருக்கிறது, காற்றெல்லாம் கண்ணாடிமேல் பட்டுத் திரும்பி எங்கள் முகத்தில் அடிக்கிறது. கதவைத் திறந்து வையேன் என்றேன். மாமா மூடித்தான் வைக்கச் சொல்லியிருக்கிறார், உள்ளே தூசி போய்விடும் என்றான். படித்த பிள்ளை, என்ன சொல்ல.

நேற்று மின்சாரம் போயிற்று. உள்ளே வைத்திருந்த மெழுகுவத்தியை எடுக்கக் கதவைத் திறந்தேன். கொதிக்கிற பானையின் மூடியைத் திறந்ததுபோல அனல் முகத்தில் அடித்தது. மெழுகுவத்தி நட்டுக்க நின்றது போய் இரண்டாய் வளைந்து எனக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருக்கிறது. கேபிள் பெட்டியைத் தொட்டேன், விரலை வாயில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் எல்லாம் புரிந்தது. நீ காலமெல்லாம் மருந்துக்கடைகளுக்கு அலமாரி செய்தவன். ஓரமெல்லாம் ரப்பர் பட்டை, பின்பக்கம் பசை போட்டு அடைத்த பலகை, ஓர் ஊசிமுனை இடுக்கு கிடையாது. எறும்புகூட நுழையாது என்று மார்தட்டினாயே, எறும்பு நுழையாத இடத்தில் காற்று எப்படியப்பா நுழையும்? மாத்திரை சூடாகாது, டிவி சூடாகும் என்று உனக்குத் தோன்றவே இல்லையா?

சின்ன வயசில் என் பொன்வண்டைத் தீப்பெட்டியில் போட்டு மூடியவனும் நீதான். ஓட்டை போடு, ஓட்டை போடு என்று பின்னாலேயே ஓடிவந்தேன். போட்டாயா? நான் மறக்கவில்லை.

மருமகளும் நானும் அலமாரியைச் சுவரைவிட்டு இழுத்தோம். நீ இங்கேயே மறந்துவிட்டுப் போன உளியால் பின்பலகையைப் பெயர்த்தேன். அவள் பயந்துபோய், "அத்தை, மாமாவுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாரு" என்றாள். "படட்டும். இத்தன நாளா டிவிதான் பட்டுக்கிட்டு இருந்துது" என்றேன். பலகை போனதும் மின்சாரம் வந்தது. நேற்று மாலையிலிருந்து டிவி ஓடுகிறது, ஒரு தடவைகூட அணையவில்லை, தொட்டால் இளஞ்சூடுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. பிள்ளை தலைக்குமேல் தூக்குவதை இந்தத் தடவை முழுசாகப் பார்ப்பேன்.

ஆகவே, அன்றைக்கு நீ இந்தத் தெருப்பக்கமே வரக்கூடாது. பின்பலகையை மறுபடி அடிக்கத்தான் உன் கை அரிக்கும். உன் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொள். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன்மேல் கோபமாக இருக்கும் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பேத்தி போன் பண்ணினாள். அரங்கத்தில் முன்வரிசையில் அவள் வீட்டு ஆளுக்கு ஒரே ஒரு நாற்காலி தருகிறார்களாம், நான்தான் வரவேண்டுமாம். அங்கே போனால் அவள் குனியும்போதே பயத்தில் கண்ணை மூடிக்கொள்வேன், ஒன்றும் பார்க்க மாட்டேன் என்று மறுத்துவிட்டேன். அம்மாவையோ அப்பாவையோ பார்த்தால் அவளுக்குக் கை நடுங்குமாம். யாரை அனுப்பட்டும் என்று கேட்டேன். "சின்னத் தாத்தாவ அனுப்பு பாட்டி. அவரு பக்கத்துல நின்னாத்தான் பயமே வராது" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். முதல் பஸ்ஸைப் பிடித்து இங்கே வா, சட்டையை நான் தேய்த்துத் தருகிறேன். அவள் பாரத்தைத் தூக்கி நிறுத்தியதும் எழுந்து நின்று கையை ஆட்டு. கேமரா உன் பக்கம் திரும்பினால் உன்னையும் பார்த்துவிடுவேன்.