ஏழு குழந்தைகளுக்கு ஏழு வெள்ளி

ஜூரி சார் அன்று செய்தது என் மகளுக்காகவா, இல்லை, அவர் உண்மையிலேயே அப்படித்தானா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். ஓசூரிலிருந்து ஊத்தங்கரை வரை தேடினாலும் அவரைப் போல இன்னொருவர் கிடைக்கமாட்டார்.

தளி சாலையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், எங்களுக்கு எதிர் வீடு. தொழிற்சாலையில் தர ஆய்வாளர். தனி ஆள். வெளிநாட்டில் கடலோரம் நடக்கும் ஒரு சர்வதேசத் திரைப்பட விழாவில் எந்த வருடம் எந்தப் படத்துக்கு என்ன விருது, யாருக்குக் கொடுக்காமல் விட்டார்கள் என்று மொத்த வரலாறும் சொல்வார். அதனால்தான் எங்களுக்கு அவர் ‘ஜூரி சார்’. அந்த ஊருக்குப் போனதில்லை. படங்களில் பாதியைப் பார்த்ததுமில்லை.

வடை கொண்டுபோய்க் கொடுத்தால், “போட்டிப் பிரிவாம்மா, போட்டிக்கு வெளியவா?” என்பார். போட்டிக்கு வெளியே என்றால் சாப்பிட்டுவிடுவார். போட்டி என்று சொல்லிவிட்டால் தீர்ப்புச் சொல்ல அரை மணி நேரம் யோசிப்பார். ஒரே பார்க்கிங் இடத்துக்கு இரண்டு வீட்டுக்காரர்கள் அடித்துக்கொண்டபோது, “அந்த விழாவுலயே ஒரு வருஷம் முதல் பரிசு தங்கச் சிங்கத்தை ரெண்டு படத்துக்கும் சேத்துத்தான் குடுத்தாங்க” என்று தீர்ப்புச் சொன்னார். இப்போது கார்கள் வாரத்துக்கொன்றாக மாறி நிற்கின்றன.

குழந்தை குட்டி இல்லாதவர், பாரபட்சம் இருக்காது என்று நம்பி, யுகாதி விழாவின் கொழுகொழு குழந்தைப் போட்டிக்குக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் அவரை நடுவராக்கினார்.

என் மகள் இனியா அப்போது கொத்தவரங்காய் மாதிரி இருப்பாள். ‘நல்லாத்தான் இருக்கா’ என்று டாக்டர் சொல்லியும் எனக்கு நம்பிக்கையில்லை. பால் போதவில்லையோ, கஞ்சி நீர்த்துப்போனதோ என்று ஓயாத கவலை. எங்களைக் கேட்காமலே செயலாளர் அவள் பெயரைப் போட்டியில் சேர்த்துவிட்டார். எடையை மைக்கில் வேறு அறிவிப்பார்களாம். மறுத்தால் தவறாக நினைப்பார்களோ என்று பயந்து, இன்னொரு கிண்ணம் கேழ்வரகுக் கஞ்சி ஊட்டித் தூக்கிப் போனேன். படியிலேயே பாதியைக் கக்கிவிட்டாள்.

மளிகைக்கடைத் தராசு தயாராக இருந்தது. ஜூரி சார் அதைப் பார்த்தார்.

“இன்னாத்துக்கு இது?”

“எடை போடத்தான் சார்” என்றார் செயலாளர்.

“எந்த விழாவுலயும் படச்சுருளை எடை போட்டுப் பரிசு குடுத்ததில்லைங்க. எடுத்துட்டுப் போங்க.”

குழந்தைகளை ஜமக்காளத்தில் விடச் சொல்லி, எதிரே நாற்காலி போட்டு அமர்ந்தார். ஒவ்வொரு குழந்தையாகக் கவனித்தார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

“முதல் பரிசு இந்த வருஷம் யாருக்கும் இல்லை.”

கீழ்வீட்டு ரத்னம்மா எழுந்துவிட்டார். “ஏனு சார் இது? என் பேரனுக்கு இன்னா குறை? பூசணிக்கா கணக்கா இருக்கான்.”

“குறையே இல்லம்மா. அந்த விழாவுலயும் ஒரு வருஷம் தங்கச் சிங்கம் யாருக்கும் தரல. ஆறு படத்துக்கு வெள்ளி குடுத்தாங்க. இங்க புள்ளைங்க ஏழு. ஏழு பேருக்கும் வெள்ளி.”

“சார், வாங்கினது ஒரு கோப்பைதான்” என்றார் செயலாளர் பரிதாபமாக.

“அதை உள்ள வைங்க. துருப்பிடிக்காது.”

ஒவ்வொரு குழந்தைக்கும் காரணம் சொன்னார். விடாமல் அழுத ரத்னம்மா பேரனுக்குச் சிறந்த ஒலிப்பதிவு. பக்கத்துக் குழந்தையின் கிலுகிலுப்பையைப் பிடுங்கி, ஆட்டிக் காட்டி, திருப்பிக் கொடுத்த இனியாவுக்குச் சிறந்த இயக்கம்.

அதன்பின் எங்கள் குடியிருப்பில் யாரும் அவள் எடையைக் கேட்கவில்லை. “டைரக்டர் மேடம் சாப்டாச்சா?” என்றுதான் கேட்டார்கள். எனக்கும் மெல்ல மூச்சு வந்தது. நன்றி சொல்லப் போனேன்.

“இனியாவுக்காகத்தானே சார் அப்படிச் செஞ்சீங்க?”

“ஜூரிகிட்ட காரணம் கேக்கறது மரபில்லம்மா” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அதோடு அவருடைய நடுவர் பதவி போயிற்று. அது நடந்து மூன்று வருடம். இந்த யுகாதிக்குப் புது நடுவர், மறுபடியும் தராசு. எனக்கு இப்போது எட்டு மாதத்தில் ஒரு பையன் இருக்கிறான். மடிப்பு மடிப்பாகத் தொடை. குடியிருப்பில் அவனுக்கு ஈடில்லை. “ஜெயிக்கிற புள்ளைய ஏன்டி வீட்ல வெக்கிற?” என்கிறார் கணவர். எனக்கும் உள்ளூர ஆசைதான். ஆனால் அந்தக் கோப்பையை ஜூரி சார் வாசலைத் தாண்டித்தான் எடுத்து வர வேண்டும். அவர் பார்த்தால் நிச்சயம் பாராட்டுவார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

பையனைப் போட்டியில் விடலாமா, வேண்டாமா? பெரியவர்கள் யாராவது சொல்லுங்களேன்.