லோசா உண்டாக்கிய நோயாளி

லோசா உண்டாக்கிய ஆள் அழிய மாட்டேன் என்றான்.

சவாயி தீவின் சின்ன மருத்துவமனை ஒன்றில் அவள் பதிவெழுத்தர். பால்வினை நோய்க் கணக்கை அனுப்ப, தலைநகர் ஆப்பியாவிலிருந்து கம்ப்யூட்டரில் புதுப் படிவம் வந்திருந்தது. பழகிப் பார்ப்போமே என்று, ‘ஃபெத்து, வயது 34, சிபிலிஸ்’ என வாய்க்கு வந்ததைத் தட்டினாள். அது நேரே ஆப்பியாவுக்குப் போய்விட்டது.

பதறிப்போய் போன் போட்டாள்.

“பதிவான நோயாளியை அழிக்க முடியாதும்மா. குணமாயிட்டார்னு போட்டு முடிச்சிடு” என்றார் அதிகாரி ஃபிலிப்போ.

போட்டாள். படிவம் விடவில்லை. இவர் யார் யாரோடு பழகினார், குறைந்தது இரண்டு பேரைச் சொல் என்றது. சந்தையில் சேப்பங்கிழங்கு விற்பவள் ஒருத்தி, படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவள் ஒருத்தி என்று அடித்துவிட்டாள்.

உடனே ஃபிலிப்போவிடமிருந்து போன் வந்தது.

“அந்த ரெண்டு பேரையும் தேடிப்பிடிச்சு ஊசி போடணும். நாளைக்குப் படகுல நானே வர்றேன்.”

லோசா தலைமை நர்ஸ் சலோமேயிடம் ஓடினாள்.

“சிஸ்டர், இல்லாத ஆளுக்கு ரெண்டு பொண்ணு வேற சேர்த்துட்டேன்!”

“அடிப்பாவி! மூணு பேரும் நியூசிலாந்து போயிட்டாங்கன்னு போடு. யாரு போய்ப் பாக்கப்போறா?”

போட்டாள். அரை மணியில் நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து மின்னஞ்சல்: மூவரின் முகவரியும் உடனே தேவை. அதை விசாரிக்க ஃபிலிப்போ எப்படியும் வருகிறாராம்.

அன்று மாலை சர்ச் பாட்டுப் பயிற்சியில் லோசாவுக்கு வாய் மட்டும்தான் பாடியது. ஃபெத்துவுக்கு மீசை இருக்குமா, இருக்காதா? ஒருவேளை அப்படி ஒருவன் நிஜமாகவே இருக்கிறானோ?

மறுநாள் மருத்துவமனை வண்டியில் ஃபிலிப்போ வந்து இறங்கியதும் அவள் அழுதே விட்டாள்.

“சார், அப்படி ஒரு ஆளே கிடையாது. நானா எழுதினது. என் வேலை போயிடுமா சார்?”

ஃபிலிப்போ அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“ஆளே இல்லையா? கிழங்குக்காரி, டிக்கெட்காரின்னு வழியெல்லாம் வண்டிக்காரன்கிட்ட விசாரிச்சுட்டு வந்தேனேம்மா!”

தலையைப் பிடித்துக்கொண்டு அவர் சலோமேயின் அறைக்குள் போனார்.

அவரை வண்டியில் கூட்டி வந்த ஓட்டுநர் தவிதா மெல்ல ஜன்னலோரம் வந்தான். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

“அக்கா, என் பேரை மட்டும் மாத்தி எழுதினீங்களே, அந்த மனசு யாருக்கு வரும்! ஆனா ஆளு ரெண்டு இல்லக்கா... நாலு.”