தப்பாகப் பதில் சொல்ல ஒரு மாணவி

தன்னம்பிக்கை விஷயத்தில் எனக்கு என்றைக்குமே பஞ்சம் வந்ததில்லை. தெரியாத விஷயத்தைத் தெரிந்தவர்களைவிடச் சத்தமாகச் சொல்வது எனக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த கலை. அந்தக் கலை ஒரே ஒரு முறை, ஒரு ஆங்கில வகுப்பில், நாற்பத்திரண்டு பிள்ளைகள் முன்னிலையில் என்னை நட்டாற்றில் விட்டது. அதை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் மனைவி கவிதா சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும் (நடித்தும் காட்டுவாள்).

எனக்கு ஊர் ஆம்பூர். பெங்களூருக்கு வந்து எட்டு வருடம் ஒரு கால் சென்டரில் உட்கார்ந்து, அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு அவர்கள் வீட்டு பிரிண்டரை எப்படிச் சரி செய்வது என்று ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு ஸ்கிரிப்ட் உண்டு. வாடிக்கையாளர் இப்படிக் கேட்பார், நாம் இப்படிச் சொல்ல வேண்டும், அவர் திட்டினால் இப்படி வருத்தப்பட வேண்டும். எட்டு வருடத்தில் நான் மனப்பூர்வமாக வருத்தப்பட்டது ஒரு தடவைகூடக் கிடையாது. ஆனால் என் வருத்தத்துக்குத்தான் ஆபீஸில் அதிக மார்க்.

முப்பத்தொரு வயதில் திடீரென்று ஞானம் வந்தது. பிரிண்டரையே ஃபோனில் கற்றுக்கொடுத்தவனுக்குப் பிள்ளைகளுக்கு நேரில் ஆங்கிலம் கற்றுக்கொடுப்பது எம்மாத்திரம்? லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறினால் ஒரு கல்லூரி. எம்.ஏ. ஆங்கிலம் படிக்கலாம், விருப்பப்பட்டால் அதோடு சேர்த்து ஆசிரியர் தகுதிக்கான பி.எட்.டையும் முடித்துவிடலாம், மொத்தம் மூன்று வருடம். சேர்ந்தேன். வகுப்பில் எல்லோரும் என்னை 'அண்ணா' என்று கூப்பிட்டார்கள். பாடம் நடத்த வந்தவர்களில் இரண்டு பேரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

கவிதா ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். நான் வேலையை விடுகிறேன் என்றதும் அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள்.

"மூணு வருஷம் வீட்டை நான் பாத்துக்கறேன். நாலாவது வருஷம்னு ஒண்ணு இருக்கக் கூடாது. சரியா?"

"நாலாவதா? என்ன பேச்சு இது!" என்றேன். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை இன்றைக்கும் அவள் மறக்கவில்லை.

மூன்றாவது வருடம் எல்லாம் என் கைக்குள் வந்துவிட்டது. கம்மனஹள்ளியில் ஒரு பள்ளியில், "சர்டிஃபிகேட்டோட வாங்க சார், ஜூன்லேர்ந்து நீங்கதான் எட்டாவதுக்கு இங்கிலீஷ்" என்று சொல்லிவிட்டார்கள். பாக்கியிருந்தது செய்முறைத் தேர்வு மட்டும். நாங்கள் பயிற்சிக்குப் போய்வந்த பள்ளியிலேயே ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மார்க் போடுவார். அதில் தேறினால்தான் சர்டிஃபிகேட், அந்த சர்டிஃபிகேட் வந்தால்தான் வேலை.

இந்த இடத்தில் லெசன் பிளான் என்கிற அற்புதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரெக்கார்டு நோட்டில் கோடு போட்டு, இடது பக்கம் ஆசிரியர் கேட்கப் போகும் கேள்வியையும், வலது பக்கம் மாணவர்கள் சொல்லப் போகும் பதிலையும் முன்கூட்டியே எழுத வேண்டும். கிளி ஜோசியக்காரர்கூட இவ்வளவு துல்லியமாகச் சொல்ல மாட்டார். மற்றவர்களுக்கு அது ஒரு சடங்கு. எனக்கோ அது பழைய ஸ்கிரிப்ட். பார்த்தவுடனே உறவு ஒட்டிக்கொண்டது.

அதோடு சீனியர் ஒருவர் ரகசியம் ஒன்று சொல்லிக்கொடுத்தார். "அண்ணா, எல்லாப் பசங்களும் கரெக்டா சொன்னா டவுட் வரும். ஒரு தப்பான ஆன்சர் வேணும். தப்பா சொன்ன பிள்ளையை நீங்க திட்டாம, அழகா என்கரேஜ் பண்ணித் திருத்தணும். அதுக்குத் தனி மார்க் இருக்கு."

தனி மார்க் என்று கேட்ட பிறகு நான் சும்மா இருப்பேனா? எட்டாம் வகுப்பு பி பிரிவில் நடிகர் தேர்வையே தொடங்கிவிட்டேன்.

நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒரு மலைக்கிராமத்துத் தபால்காரரைப் பற்றியது. கொட்டும் மழையில், ஒரே ஒரு கடிதத்துக்காக ஓடையைத் தாண்டிப் போகிறார். பாடத்தின் உயிர்நாடியான கேள்வி: 'அவர் ஏன் திரும்பிப் போகவில்லை?' சரியான பதில், அந்தக் கடிதத்துக்காக ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார் என்பது. அதைச் சொல்ல ஜோயல் என்ற பையனைப் போட்டேன். தப்பான பதில், அவர் குடையை அடுத்த ஊரில் மறந்து வைத்துவிட்டார் என்பது (என் சொந்தக் கற்பனை, அதில் எனக்கு ரொம்பப் பெருமை). அதைச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் ரக்ஷிதாவைப் பிடித்தேன். வகுப்பில் முதல் மாணவி.

"தெரியாதவங்க தெரியாத மாதிரி பேசறது பெரிய விஷயமில்ல ரக்ஷிதா. தெரிஞ்சவங்க தெரியாத மாதிரி பேசணும், அதுதான் ஆக்டிங். அது உன்னாலதான் முடியும்" என்றேன். பிள்ளை மயங்கிவிட்டாள்.

ஐந்து முறை ஒத்திகை. யார் எப்போது கை தூக்குவது, நான் ஜோக் சொன்னால் எவ்வளவு நேரம் சிரிப்பது, சரியான பதிலுக்கு 'டக்-டக், டக்' என்று எப்படிக் கை தட்டுவது, எல்லாம் அத்துப்படி. நாலாவது ஒத்திகை முடிந்ததும் ரக்ஷிதா என் பின்னாலேயே படிக்கட்டு வரை வந்தாள். வீட்டில் கன்னடம், பள்ளியில் எங்களோடு தமிழ், இரண்டும் கலந்துதான் பேசுவாள்.

"சார், எனக்கு பேடா சார். வேற யாரையாவது போடுங்க."

(பேடா என்றால் வேண்டாம்.)

"ஏன்மா?"

"எல்லாரும் என்னை அம்ப்ரெல்லா, அம்ப்ரெல்லான்னு கூப்பிடறாங்க சார். வேன்லகூட. என் தம்பி வீட்லயும் போய் சொல்லிட்டான்."

"இன்னும் ரெண்டே நாள்தான். அப்புறம் மழையும் இல்ல, குடையும் இல்ல!" என்று சொல்லி, என் நகைச்சுவையை நானே ரசித்தபடி இறங்கிப் போய்விட்டேன். அவள் சிரிக்கவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

தேர்வு நாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அட்டையில் வரைந்த தபால்காரர் படம், நாலு கலரில் சாக்பீஸ். தேர்வாளராக வந்தவர் நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய ஒரு அம்மா. கைப்பையிலிருந்து கர்ச்சீப் எடுத்து கடைசி பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். என் ரெக்கார்டு நோட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டார். அதன் இன்னொரு நகல் என் மேஜைமேல் இருந்தது. வகுப்பு முழுக்க ஆங்கிலத்தில்தான் நடந்தது. அவமானம் எந்த மொழியில் நடந்தாலும் ஒன்றுதான் என்பதால் தமிழிலேயே சொல்கிறேன்.

முதல் விரிசல் இரண்டாவது நிமிடத்திலேயே விழுந்தது. "மழை பெய்தால் நீங்கள் என்ன..." என்று நான் ஆரம்பித்ததுமே ஏழு பேர் எழுந்து நின்று, "பஜ்ஜி கேட்போம் சார்!" என்றார்கள். தபால்காரரின் மீசையைப் பற்றி ஒரு ஜோக் வைத்திருந்தேன். படத்தை மாட்டக் கை தூக்கினேன், ஜோக் சொல்லவே இல்லை, வகுப்பு குபீரென்று சிரித்து, சரியாக மூன்று வினாடியில் நிறுத்தியது. தேர்வாளர் எதையோ எழுதினார். நிறைய எழுதினார். ஒருவரைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டுமென்றால் எவ்வளவு பிடித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன் (சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்).

பிறகு அந்தக் கேள்வி. "அவர் ஏன் திரும்பிப் போகவில்லை? ரக்ஷிதா?"

ரக்ஷிதா எழுந்தாள். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டாள். நிதானமாகச் சொன்னாள்.

"அந்தக் கடிதத்துக்காக அங்கே ஒருவர் வாசலையே பார்த்துக்கொண்டு இருப்பார் என்று அவருக்குத் தெரியும் சார். அது தெரிந்த பிறகு எப்படித் திரும்பிப் போக முடியும்?"

அவ்வளவு நல்ல பதிலை அந்தப் பாடத்துக்கு அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை என்பதுதான் விஷயம். அவள் வாய் அசைவது நின்றது. எட்டு வருட ஸ்கிரிப்ட் பழக்கம் என் வாயைத் திறந்தது. முகம் நிறையக் கருணையோடு சொன்னேன்:

"நல்ல முயற்சி ரக்ஷிதா. ஆனால் அது தப்பு. பயப்படாதே, தப்பு செய்தால்தான் கற்றுக்கொள்ள முடியும். உட்கார். யார் சரியாகச் சொல்லப் போகிறீர்கள்? ஜோயல்?"

ஜோயல் எழுந்து ஒரு நிமிடம் திருதிருவென்று விழித்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கொடுத்த வசனத்தைச் சொன்னான்: "அங்கே ஒருவர் கடிதத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார், அதனால்."

"பிரமாதம்! எல்லோரும் கை தட்டுங்கள்!"

டக்-டக், டக். நாற்பத்தோரு ஜோடி கைகள். ரக்ஷிதா மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. தேர்வாளரின் கை.

"சார், எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் பெண் சொன்னதும் இந்தப் பையன் சொன்னதும் ஒன்றுதானே? எது தப்பு, எது சரி?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து மேஜைமேல் இருந்த நோட்டைப் பார்த்தேன். அதில் பதில் இருக்கும் என்று உண்மையிலேயே தேடினேன். அதற்குள் ரக்ஷிதா எழுந்து நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் எழுந்தாள் என்று இன்றுவரை நம்புகிறேன்.

"நான் சொன்னதுதான் தப்பு மேடம். பிளான்ல அப்படித்தான் இருக்கு."

கால் சென்டரில் தினமும் நாற்பது முறை மன்னிப்புக் கேட்ட எனக்கு, உண்மையான மன்னிப்பு ஒன்று கேட்கத் தெரியவில்லை. ஒருவழியாகச் சொன்னேன். "ரக்ஷிதா, நீ சொன்னது சரி. நான் கேட்கவே இல்லை. தப்பு என்னுடையது. முந்தாநாள் நீ வந்து சொன்னபோதும் நான் கேட்கவில்லை. சாரி."

வகுப்பு விறைத்துப் போய் உட்கார்ந்திருந்தது. இப்படி ஒரு வசனம் எந்த ஒத்திகையிலும் வந்ததில்லை. கடைசியில் ஜோயல்தான் மெதுவாகக் கை தூக்கினான்.

"சார், இதுக்கு கிளாப் போடலாமா?"

தேர்வாளர் போகும்போது நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "பிள்ளைகள் எல்லோரும் பாடத்தை நன்றாகப் படித்திருக்கிறார்கள். வகுப்பில் நீங்கள் மட்டும்தான் இல்லை" என்றார். மார்க் என்னவென்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அடுத்த தேர்வு டிசம்பரில்தான். கம்மனஹள்ளிப் பள்ளி ஜூனில் வேறு ஒருவரை எடுத்துக்கொண்டது. வீட்டில் கவிதாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். பஜ்ஜியில் சிரிக்க ஆரம்பித்தவள், மீசை ஜோக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டவள், ரக்ஷிதா எழுந்து நின்ற இடத்தில் நிறுத்திவிட்டாள்.

"நாலாவது வருஷம் ஆனாலும் பரவால்லைங்க. அந்தப் பொண்ணு சொல்லச் சொல்லக் கேக்காம இருந்தீங்க பாருங்க, அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு" என்றாள். எனக்கும் அதுதான் கஷ்டமாக இருந்தது. அதை அவள் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

ஜூனிலிருந்து ஆறு மாதமும் அதே பள்ளிக்குப் போனேன். கெஞ்சிக் கேட்டு, ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்ட அதே பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று நாள் சும்மாவே பாடம் எடுத்தேன். நோட்டில் கேள்விகளை மட்டும் எழுதினேன். வலது பக்கத்தைக் காலியாக விட்டேன். டிசம்பரில் முன்பின் தெரியாத ஒரு வகுப்பில் தேர்வு வைத்தார்கள். தப்பான பதிலுக்கு நான் எந்த ஏற்பாடும் செய்திருக்கவில்லை. அவை தாராளமாகவே வந்தன. நல்ல மார்க்கில் தேறினேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே இல்லை.

இது நடந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் வகுப்புகளில் எத்தனையோ வாக்கியங்கள் சொல்லியிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் நிலைத்தது ரக்ஷிதாவின் ஒரே வாக்கியம்தான். சந்தாபுராவில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது, கவிதா இடது பக்கம் என்றாள், நான் வலது பக்கம் என்று அடித்துப் பேசினேன். வலது பக்கத்து மண்டபத்தில் முன்பின் தெரியாதவர்கள் பன்னீர் தெளித்து எங்களை வரவேற்றார்கள். மணமேடையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுக் கவிதா என் காதில், "நான் சொன்னதுதாங்க தப்பு. பிளான்ல அப்படித்தான் இருக்கு" என்றாள்.

இதைக் கேட்டு வளர்ந்த எங்கள் மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. போன மாதம் பெற்றோர் கூட்டத்தில் அவளுடைய மிஸ் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "கணக்கு தப்புன்னு சொன்னா, 'உங்க பிளான்ல அப்படி இருக்கா மிஸ்?'னு கேக்கறா சார். எனக்கு எப்படி இருக்கும்? நீங்களும் ஒரு டீச்சர்தானே?"

பக்கத்தில் கவிதா துப்பட்டாவை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். நான் நோட்டை வாங்கி அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தப்புதான், சந்தேகமே இல்லை. மிஸ்ஸிடம் மன்னிப்புக் கேட்டேன். வெளியே வந்ததும் மகளிடம், கணக்கு தப்பு, ஆனால் கேள்வி சரி என்று சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்போ மிஸ்கிட்ட போய் அதையும் சொல்லுப்பா" என்றாள். திரும்பவும் உள்ளே போனேன்.