லெமினேட் பண்ணின பட்டதாரி

இலங்கையில் எந்த மூலையில் இன்டர்வியூ நடந்தாலும் அங்கே கடைசிக் கதிரையில் எங்கள் கெம்பஸ் குந்தியிருப்பார். புத்தளத்து உப்பளங்களில் எத்தனை பாத்தி உண்டோ அத்தனை இன்டர்வியூவுக்கு அவர் போயிருக்கிறார். பாத்தியிலாவது கடைசியில் கொஞ்சம் உப்பு மிஞ்சும்.

பல்கலைக்கழகத்தை எங்கள் பக்கம் கெம்பஸ் என்றுதான் சொல்வோம். எங்கள் உப்பளத்தில் வேலை செய்தவர்களில் அங்கே போய்ப் படித்தது அவர் ஒருத்தர்தான், அதனால் ஆளுக்கே அந்தப் பேரை வைத்துவிட்டோம். நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால் அவர் என்னை எட்டு என்று கூப்பிடுவார். வயதில் அவர் எனக்கு நாலு வருசம் மூப்பு, அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிடுவேன். உப்பளத்தில் நான் அவருக்கு ஆறு வருசம் மூப்பு. இதை வைத்து எங்களுக்குள் நடந்த சண்டைக்கு இன்னும் தீர்ப்பு இல்லை.

வேலைக்கு வந்த முதல் நாள் அவர் சுப்பவைசரிடம் நியமனக் கடிதம் கேட்டார். சுப்பவைசர் உப்பு வாரும் பலகையைக் கையில் கொடுத்தார். கெம்பஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் கையெழுத்து இருக்குமோ என்று.

புவியியல் படித்தவர். தண்ணீர் ஆவியாவது பற்றிப் பரீட்சையில் நாலு பக்கம் எழுதியவர். களப்புத் தண்ணீர், கடலிலிருந்து உள்ளே வந்து தேங்கும் தண்ணீர், எப்படி உப்பாகிறது என்று எங்களுக்கே அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். நாங்களும் வாயைப் பிளந்து கேட்டோம். பிறகு எழும்பிப் போய், வாய்க்காலில் தண்ணீரை மறித்து வைத்திருக்கும் பலகையைத் தூக்கப் போனார். தூக்கப் போனது பிழையான பலகை. நான் வரம்பில் குந்திப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரிய படிப்புப் படித்த ஆள் எப்படி விழுகிறார் என்று பார்க்க ஆசை.

நல்லாக விழுந்தார். அடுத்த நாள் வார இருந்த உப்புக்குள் புதுக் களப்புத் தண்ணீர் புகுந்தது. பின்னேரம் பாத்தியில் உப்பு இல்லை, வானம்தான் தெரிந்தது.

"நாலு வருசம் படிச்சி இதயா படிச்ச?" என்று சுப்பவைசர் கேட்டார்.

"ஓம் சேர், இதத்தான் படிச்ச," என்றார் கெம்பஸ். "ஆனா பலகைய ஒருத்தரும் காட்டித் தரல்ல."

அந்தப் பாத்திக்கு அன்றிலிருந்து கெம்பஸ் பாத்தி என்று பேர்.

அரசாங்க வேலை கிடைக்கும் வரைக்கும் ஒரு மாதம் என்று வந்தவர், நாலு வருசம் இருந்தார். இடையில் இன்டர்வியூவுக்குப் போவார், வருவார். வந்ததும் அங்கே கேட்ட கேள்விகளை எல்லாம் எங்களிடம் கேட்பார். தேத்தண்ணிக் கடை நடத்தும் காக்காவிடம், "ஒங்கட பெரிய பலவீனம் என்ன?" என்று கேட்டார். காக்கா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே ஷுகர் என்று சொன்னார். உண்மை பேசினதற்காக அவருக்குப் பத்துக்கு ஒன்பது கிடைத்தது. சுப்பவைசரிடம் போய், இன்னும் அஞ்சு வருசத்தில் உங்களை எங்கே காண்கிறீர்கள் என்று கேட்டார். உன்னைக் காணாத இடத்தில் என்று சுப்பவைசர் சொன்னார். அவருக்கும் ஒன்பது.

இனி லெமினேட் கதை. எங்கள் ஊர் உப்புக் காற்றில் கடதாசி நிற்காது. ஓரம் பழுத்து, ஈரம் பிடித்து, அப்பளம் மாதிரி நொறுங்கும். அதனால் எங்கள் வீடுகளில் பெறுமதியான கடதாசி எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் போட்டுவிடுவோம். கலியாணப் பதிவுக்குக்கூடப் போட்டிருக்கிறோம். கெம்பஸ் தன் பட்டச் சான்றிதழுக்குப் போட்டார், அதுவும் தடித்த பிளாஸ்டிக்.

கொழும்பில் ஒரு இன்டர்வியூ. எழுத்துப் பரீட்சை பாஸ், சிங்களத்தில் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியாச்சு. கடைசியில் சான்றிதழைப் பார்த்த ஐயா, பிளாஸ்டிக் போட்டதை ஏற்க முடியாது, முத்திரையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். கெம்பஸ் அந்த மேசையிலேயே பிளாஸ்டிக்கை உரிக்கத் தொடங்கினார். மெதுவாக உரித்தாராம். பிளாஸ்டிக் வந்தது. அதோடு உபவேந்தரின் கையெழுத்தும் வந்தது.

"கையில வெறுங் கடதாசி, மத்தக் கையில கையெழுத்து," என்று வந்து சொன்னார். "ரெண்டையும் சேத்துப் புடிச்சிக் காட்டின. எடுக்கல்ல."

நாங்கள் வரம்பில் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சிரித்தார். அன்றைக்கு அவர் பின்னேரச் சோறு சாப்பிடவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

புதுப் பிரதி எடுக்கத் தான் படித்த பல்கலைக்கழகத்துக்கே போனார். அங்கே ஒரு படிவம் கொடுத்து, இப்போது என்ன தொழில் என்று எழுதச் சொன்னார்கள். "உப்புக் கைத்தொழில், நீர்க் கட்டுப்பாடு" என்று எழுதினார். பொய் இல்லை. பலகை தூக்குவது நீர்க் கட்டுப்பாடுதான். ரெண்டு மாதம் போக ஒரு கடிதம் வந்தது: இறுதியாண்டு மாணவர்களுக்குத் தொழில் வழிகாட்டும் நாள், வெற்றி பெற்ற பழைய மாணவராக வந்து பேசவும்.

நான் போக வேண்டாம் என்றேன், மானம் போகும் என்றேன். அவர் கேட்கவில்லை. அஞ்சு நாள் இருந்து பதினொரு பக்கம் எழுதினார். பட்டம் கொடுக்கும் முன் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள், எங்கேயாவது வேலைக்கு விடவேண்டும். உப்பளமோ, ஐஸ் பெக்டரியோ, மருந்துக் கடையோ, தபால் கந்தோரோ, எதுவென்றாலும் சரி. படிப்பிக்கிறவர்களும் வருசத்துக்கு ஒருமுறை இன்டர்வியூவுக்குப் போகவேண்டும். இப்படிப் பதினொரு பக்கம். எழுதி முடித்து, பக்கம் பக்கமாக லெமினேட் பண்ணினார்.

"இன்னமும் புத்தி வரல்லயா நானா?" என்று கேட்டேன்.

"எட்டு, என்னைய ஒருத்தரும் எடுக்காட்டியும் பரவால்ல," என்றார். "இத எடுத்தாப் போதும்."

என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நாலு பஸ் மாறி, குளிரூட்டின மண்டபத்தில் போய் இருந்தோம். மேடையில் யாரோ ஒரு பேரை வாசித்தார்கள். யாரென்று நானும் திரும்பிப் பார்த்தேன். "எழும்புடா, அது நான்தான்," என்றார். நாலு வருசத்தில் அவருடைய சொந்தப் பேரை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மேடைக்குப் போனவர் பேசவில்லை. மூன்று கதிரை போடச் சொல்லி, மூன்று விரிவுரையாளர்களைக் கூப்பிட்டு இருத்தி, இவர்கள் வேலை கேட்டு வந்திருக்கிறார்கள், இன்டர்வியூ செய்யப்போவது என் கூட்டாளி என்று என்னை முன்னுக்குத் தள்ளினார். மண்டபம் நிறையப் பிள்ளைகள். என் காலில் இன்னும் உப்புச் சேறு. முதல் ஆளிடம் என்ன வேலை தெரியும் என்று கேட்டேன். அவர் தன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். சொன்னார், சொல்லிக்கொண்டே இருந்தார்.

"அதெல்லாம் நல்லம் சேர்," என்றேன். "வேலைக்கு வந்தா காலைல மொதல்ல என்னத்தச் செய்வீங்க?"

அவர் பக்கத்து ஆளைப் பார்த்தார். பக்கத்து ஆள் மின்விசிறியைப் பார்த்தார், அது ஓடவும் இல்லை. மூன்றாவது இருந்த மெடம், "மொதல்ல உங்களிட்ட கேப்பன்," என்றார்.

கெம்பஸ் பின்னாலிருந்து, "மெடம் செலக்ட்," என்றார். மண்டபமே சிரித்தது.

பிறகு தான் கரைத்த பாத்தியின் கதையைச் சொன்னார். நாலு பக்கம் எழுதத் தெரிந்தது, எந்தப் பலகை என்று கேட்கத் தெரியவில்லை, காட்டித் தரவும் ஒருத்தர் இருக்கவில்லை என்றார். ஒருத்தர் இருந்தார். மேடையில் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அந்தக் குளிரிலும் எனக்கு முகம் சுட்டது.

பதினொரு பக்கத்தையும் பல்கலைக்கழகத்து அலுவலகத்தில், எங்கள் பேச்சில் கந்தோரில், கொடுத்தோம். அங்கே இருந்த தம்பி கோப்பில் போட ஓட்டை குத்திப் பார்த்தார், பிளாஸ்டிக்கில் குத்தவில்லை. இரண்டு கையாலும் அமத்தினார், ஓட்டை குத்தும் சாமான்தான் உடைந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அதற்குப் பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவர் மட்டும் தபால்காரரைக் கண்டால் வரம்பில் எழும்பி நிற்பார்.

மழைக்கு அவருக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்து, டொக்டரையும் இன்டர்வியூ செய்தேன், பத்துக்கு ஏழு போட்டிருக்கிறேன் என்று என்னிடம் சொன்னார். ரெண்டு நாளில் பள்ளிவாசலில் ஒரு பேரைச் சொல்லி, ஜனாஸா, ஆள் இறந்துவிட்டார் என்று அறிவித்தார்கள். நான் தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். மண்டபத்தில் ஒரு தடவை கேட்ட பேர் ஞாபகம் வரவில்லை, யாரோ பாவம் என்று இன்னாலில்லாஹி சொல்லிவிட்டு மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தேன். கடைக் காக்காதான் என் தோளில் கை வைத்து, "மகன், அது நம்ம கெம்பஸ்," என்றார். அந்தக் கடையில் நான் இப்போது தேத்தண்ணி குடிப்பதில்லை.

அவர் மேல் சரியான கோபம். அந்தப் பலகைக் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க நாலு வருசம் இருந்தது. பகிடியிலும் சிரிப்பிலுமே போய்விட்டது.

போன மாதம் வெயில் ஏறி உப்பு வாரத் தொடங்கிய நேரம், உப்பளத்து வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. உள்ளே இருபது பிள்ளைகள். முன்னால் அந்த மெடம், கையில் பிளாஸ்டிக் பக்கங்கள். அவர் ஒரு பேரைச் சொல்லிக் கேட்டார். அப்படி ஒருத்தரும் இங்கே இல்லை என்று சுப்பவைசர் சொன்னார். பிறகு நான் போய் விசயத்தைச் சொன்னேன். மெடம் பஸ் படியிலேயே குந்திவிட்டார்.

கோப்பிலும் போட முடியாமல், கிழித்து எறியவும் முடியாமல், அந்தப் பதினொரு பக்கமும் கந்தோர் மேசையில் தேத்தண்ணிக் கோப்பை வைக்கும் தட்டாகக் கிடந்ததாம். ஒருநாள் சிந்தின தேத்தண்ணியைத் துடைக்கப் போய் மெடம் முதல் பக்கத்தை வாசித்திருக்கிறார். கடதாசியாக இருந்தால் ஊறிப்போயிருக்கும். இதில் ஒரு எழுத்தும் அழியவில்லை. ஆளுடைய பட்டத்தைத் தின்ற அதே பிளாஸ்டிக். ஒரு கிழமைக்குப் பிள்ளைகளை வைத்துக்கொள்ள முதலாளியிடம் ஏற்கெனவே பேசியும் இருந்தார். எங்களுக்குத்தான் ஒருத்தரும் சொல்லவில்லை.

பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரம்பில் இறங்கினார்கள். அதில் ஒரு தம்பி, கண்ணாடி போட்டவன், ஆவியாதல் பற்றிப் பக்கத்துப் பிள்ளைக்கு விளங்கப்படுத்திக்கொண்டே கெம்பஸ் பாத்திக்குப் போனான். பாத்தி நிறைய வெள்ளை. அவன் குனிந்து பலகையில் கை வைத்தான். அதே பலகை. எங்கள் ஆக்கள் எல்லோரும் வேலையை நிற்பாட்டிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

"தம்பி, அது இல்ல," என்றேன். "பக்கத்துப் பலக."

சொல்ல ஒரு நிமிசம்கூட எடுக்கவில்லை, கெம்பஸ் நானா.